சிலுப்பாத கிடா

என் ஆடுகளுக்குப் பயம் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. பேன் போச்சு, கழிச்சல் போச்சு என்று சொல்வது மாதிரி இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, நடந்தது அதுதான். கழுத்தில் ஒரு ஊசி, பத்தே நாளில் பயம் காலி.

ஆசைப்பட்டு யாரும் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் கரிசல் காடு முழுக்க இப்போது சூரிய மின்தகடுகள். பருத்தி விளைந்த இடம், கம்பு விளைந்த இடம், சும்மா கிடந்த பொட்டல் எல்லாம் தகடுதான். மிச்சம் இருக்கிற புல், அந்தத் தகடுகளின் நிழலில் முளைக்கிற புல் மட்டும். கம்பெனிக்காரர்களுக்கும் புல்லை யாராவது மேய்ந்து தீர்த்தால் சந்தோஷம். சிக்கல் எங்கே என்றால், தகட்டில் படிகிற தூசியைத் துடைக்க ட்ரோன்கள் தாழப் பறந்து வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் செம்மறி என்ன செய்யும்? ஒன்று ஓடினால் அத்தனையும் ஓடும். வயரை அறுத்து, தகட்டை உடைத்து, கடைசியில் ஏழெட்டு ஆடு கால் ஒடிந்து கிடக்கும். அதனால் ஊசி போட்ட ஆட்டுக்கு மட்டும்தான் கேட் திறக்கும் என்று சட்டம் வைத்துவிட்டார்கள். ஊசி போடும்போதே காதடியில் அரிசி அளவுக்கு ஒரு சில்லையும் வைப்பார்கள். கேட் அதைப் படித்து, எத்தனை ஆடு உள்ளே போகிறது என்று எண்ணிக் காட்டும்.

என்னிடம் இருப்பது இருபத்தேழு பெட்டை. வேம்பூர் பொட்டு ஆடு. கம்பளி ஆடு இல்லை, குட்டை முடி. வெள்ளை உடம்பில் செம்மண் தெறித்த மாதிரி பொட்டுப் பொட்டாக இருக்கும். மயிர் கத்தரிக்கிற வேலை கிடையாது, எந்த வெயிலையும் தாங்கும், இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து. இதைவிட என்ன வேண்டும்? நானும் போட்டேன்.

ஊசி போட வந்த கால்நடை ஆய்வாளர் பெனிட்டா நல்ல பெண். கேட்டதற்குப் பதில் சொல்வாள், முகம் சுளிக்க மாட்டாள். இது என்னதான் செய்யும் என்று கேட்டேன்.

“சத்தம் கேட்டதும் ஆட்டோட தலைக்குள்ள ஒரு மணி அடிக்கும்க்கா. அந்த மணியோட கயித்த மட்டும் அவுத்து விட்டுருவோம். காது கேக்கும், கண்ணு தெரியும், பசிக்கும், எல்லாம் இருக்கும். மணி மட்டும் அடிக்காது.”

முதல் ஆறு மாதம் எனக்கு வாயெல்லாம் பல். ஆடுகள் சதை போட்டன. ட்ரோன் தலைக்கு மேல் வந்து நின்றாலும் புல்லைக் கடித்துக்கொண்டே இருந்தன. அப்புறம் மாசி மாதம் ஒரு நாள் வேலிக்கு அடியில் பள்ளம் பறித்து ஒரு நாய் உள்ளே வந்தது. செவலை என்று நான் கூப்பிடுகிற பெட்டை மூன்று ஈத்துக் கண்டவள். அவளுடைய பதினெட்டு நாள் குட்டியை நாய் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. இவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து மேய்ந்தாள். பழைய செவலை என்றால் முன்னங்காலைத் தரையில் அடித்து நாயின் முகத்துக்கு நேராகப் போயிருப்பாள். சாயங்காலம் மடி கனத்த பிறகு குட்டியைத் தேடிக் கத்தினாள். பாசம் இருக்கிறது, பால் இருக்கிறது, பயம் மட்டும் இல்லை. பெனிட்டாவுக்குப் போன் போட்டுக் கண்டபடி ஏசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓடுவதற்கு மட்டும்தான் பயம் வேண்டும் என்று நினைத்தோம், எதிர்த்து நிற்கவும் அதே பயம்தான் வேண்டியிருக்கிறது, அதை யாரும் யோசிக்கவில்லை என்றாள். யோசிக்காமல்தான் ஊசியைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன்.

சரி, கிடாவுக்கு வருகிறேன்.

என் மகள் இசக்கிக்கு ஆறு வயதாக இருக்கும்போது பாம்பு கடித்தது. என் வீட்டுக்காரர் செந்தூர்ப்பாண்டி அன்று எட்டயபுரம் சந்தைக்குப் போயிருந்தார். நான் ஒரு பெட்டைக்குக் குட்டி திரும்பி மாட்டிக்கொண்டது என்று மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தேன். பிள்ளை சோளத்தட்டைப் படப்புக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள், அம்மா என்று ஒரு சத்தம்தான் போட்டாள். கண்ணாடி விரியன், வலது பாதம். என் கொழுந்தன் ஐகோர்ட்துரை ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்துத் தன் பைக்கில் போட்டுக்கொண்டு பறந்தான். ஐகோர்ட்துரை என்றதும் வக்கீலோ ஜட்ஜோ என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் சாமிக்கே அப்படிப் பெயர் உண்டு. அவன் தகட்டுக் காட்டில் கேட் வாட்ச்மேன்.

ஓடைப்பாலம் தாண்டும்போது பைக்கில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் ஓடியிருக்கிறான். ஒரு பால் வேன்காரர் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டார். உயிர் பிழைத்தது, இரண்டு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அரைமணி நேரம் முந்தி வந்திருந்தால் விரலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் எங்கள் ஓடைக்கரை மாடசாமிக்கு நேர்ந்துகொண்டேன், பிள்ளை கண்ணைத் திறந்தால் பழுதில்லாத கிடா ஒன்று என்று.

அன்று முதல் இரண்டு வருஷமாக ஐகோர்ட்துரை இசக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவான். அவள் நடப்பாள், லேசாகச் சாய்ந்து நடப்பாள், அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளையை இன்னும் என்னடா தூக்குகிறாய் என்று ஊரே கேலி பண்ணும். “எம் பிள்ள, நான் தூக்குறேன், ஒனக்கென்ன வலிக்குது” என்பான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. கல்யாணமாகி வந்தபோது இவனுக்குப் பதினெட்டு வயது. நான் சமைத்த முதல் குழம்பை, உப்பு அள்ளிக் கொட்டியிருந்தும், நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான்.

நேர்ந்துவிட்ட கிடா நல்ல கிடா. நெஞ்சு அகலம், நாலு காலும் தூண். எங்கள் சாமிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: நேர்ந்துவிட்ட உடம்பில் ஊசி படக்கூடாது, இரும்பு படக்கூடாது. பெட்டையோடு சேர்வதற்குத் தடையில்லை. இந்த ஆனி மாதம் பெட்டைகள் பருவத்துக்கு வந்தன. பதினைந்து நாள் ஆளுக்கு ஒரு கைப்பிடி கம்பு கூடுதலாக வைத்துத் தேற்றி வைத்திருந்தேன். இனத்துக்கு வைத்திருந்த பழைய பொலிகிடாவை விற்றாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் தன் மகளையே சேர்ந்துவிடும், குட்டி நோஞ்சானாகப் போகும். புதிதாக வாங்கி வந்த கிடா வந்த வாரமே மூத்திரம் அடைத்து, நீர்க்கட்டில் செத்தது. கையில் இருந்தது சாமி கிடா ஒன்றுதான். அது வெளியூர்ப் பெட்டையின் குட்டி, ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனால் அந்த மூன்று மாதமும் ஆடுகள் தகட்டுக் காட்டுக்கு உள்ளேயே கிடை. வாரம் ஒரு முறைதான் வெளியே விடுவார்கள். ஊசி இல்லாத கிடாவுக்குக் கேட் திறக்காது.

பருவம் தப்பினால் ஒரு ஈத்து போச்சு. ஒரு சொட்டு மருந்துதானே, மாடசாமிக்குத் தெரியாதா நம் பாடு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பெனிட்டாவிடம் இது சாதாரணக் கிடா என்று சொல்லி, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு, கம்பெனிக்காரர்களே பொதுவாக ஒரு பொலிகிடாவை உள்ளே விட்டிருக்கிறார்கள், நம் கிடா பக்கத்து ஊர்ச் சித்தி வீட்டில் மேய்கிறது என்று புளுகினேன். இருபத்தாறு பெட்டை சினை பிடித்தன. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் கோயில் கொடைத் திருவிழா வந்தது.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் கிடாவை இழுத்துக்கொண்டு போய் வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு ஏதோ குறை.

உச்சி வெயில். கயிற்றைப் பிடிப்பது நேர்ந்தவளின் வேலை, நான் கிடாவின் இடது பக்கம் நிற்கிறேன். பூசாரி சங்கிலி மாமா முதல் குடத்தை ஊற்றினார். கிடா நின்றது. இரண்டாவது குடம். கிடா தன் கழுத்து மாலையில் இருந்த வேப்பிலையைக் கடித்து மென்றுகொண்டு நின்றது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அப்போதுதான் சொரேர் என்றது. இந்தக் கிடாவுக்குத்தான் பயமே இல்லையே. தண்ணீர் விழுந்தால் திடுக்கிட்டால்தானே சிலுப்பும்? மணியின் கயிற்றைத்தான் அவிழ்த்தாயிற்றே. இது இன்றைக்கும் சிலுப்பாது, என்றைக்கும் சிலுப்பாது.

சங்கிலி மாமா குடும்பத்தைத் திரும்பிப் பார்த்து, யாரோ எதையோ மறைக்கிறீர்கள், மனசில் இருப்பதைச் சாமி முன்னால் சொல்லுங்கள் என்றார். என் நாத்தனார் ஆவுடை அழுதுகொண்டே முன்னால் வந்தாள். திருடன் கொண்டுபோனதாக நாங்கள் நினைத்திருந்த மாமியாரின் காதுப் பாம்படம் அவளிடம்தான் இருக்கிறதாம். மூன்றாவது குடம் ஊற்றினார்கள். கிடா நின்றது. அடுத்து என் வீட்டுக்காரர், வழிதவறி வந்த இரண்டு குட்டிகளை யாருடையது என்று தெரிந்தே சந்தையில் விற்றதைச் சொன்னார். அந்தக் குட்டிக்காரர் கூட்டத்திலேயே நின்றார். நான்காவது குடம். கிடா அசையவில்லை. கடைசியில் சங்கிலி மாமாவே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, விரத நாளில் கோவில்பட்டியில் முட்டை பரோட்டா சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஐந்து, ஆறு. கிடா மாலையில் பாதியைத் தின்று தீர்த்திருந்தது.

சொல்லிவிடலாம், நான்தான் ஊசி போட்டேன் என்று ஒரே வார்த்தை. ஆனால் சொன்னால் நேர்ச்சை தீட்டாகிவிட்டது என்பார்கள். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் பெற்றவளே சாமியை ஏமாற்றினாள் என்பார்கள். அதைவிட மோசம், நானும் அப்படித்தான் நினைப்பேன். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஊசியை எனக்குப் போட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அப்போதுதான் ஐகோர்ட்துரை முன்னால் வந்து முழங்காலிட்டான்.

“பைக்ல சார்ஜ் இல்லன்னு அன்னைக்குச் சொன்னது பொய். நான் குடிச்சிருந்தேன். ஓடைப்பாலத்துல வண்டியக் கவுத்திட்டேன். பயந்து போயி, பிள்ளைய மடியில வச்சுகிட்டு அரைமணி நேரம் அங்கேயே ஒக்காந்துட்டேன். அதுக்கப்புறந்தான் ஓடுனேன்.”

என் வீட்டுக்காரரின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. என் காதில் அரைமணி நேரம், அரைமணி நேரம் என்று மட்டும் கேட்டது. அந்த நேரம் அவன் மேல் எனக்குக் கோபம் வந்ததா, பாவமாக இருந்ததா, இன்னும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். இது முடிய வேண்டும், இத்தோடு முடிய வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் யார் யார் எதை எதைக் கக்குவார்களோ, கடைசியில் என் முறையும் வரும்.

சங்கிலி மாமா ஏழாவது குடத்தைத் தூக்கினார். தண்ணீர் விழும்போது, நனைந்த என் முந்தானையைப் பிழிந்து கிடாவின் இடது காதுக்குள் விட்டேன். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும், பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதறும். ஆட்டுக்காரிக்கு இது தெரியாதா?

கிடா தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும் சிலுப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் எழுந்தது. அடுத்த நிமிஷம் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்று நான் நினைத்தேன். அந்தச் சிலுப்பலுக்கு ஊர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளும் என்று அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை. ஆறு குடத்துக்கு நின்ற கிடா, அவன் வாயைத் திறந்ததும் சிலுப்பிவிட்டது. அவன் குற்றம்தான் குற்றம், சாமியே சாட்சி சொல்லிவிட்டது. பந்தியில் உட்காரப் போனவனின் இலையை என் வீட்டுக்காரர் எடுத்துச் சுருட்டினார். “எம் மூஞ்சியில முழிக்காத, போயிரு” என்றார். அவன் போட்டிருந்த சட்டையோடு போனான். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

இசக்கியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சித்தப்பா குடிக்காமல் இருந்திருந்தால் எனக்கு விரல் இருந்திருக்குமா என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் போனதிலிருந்து அவள் நடந்தேதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

என்னை நானே எப்படியெல்லாம் தேற்றிக்கொண்டேன் தெரியுமா? காதில் தண்ணீர் விட்டது தப்புதான், ஆனால் அவன் சொன்னது உண்மைதானே. உண்மை என்றைக்காவது வெளியே வந்துதான் ஆக வேண்டும். என் ஊசி ஒரு சாக்கு, அவ்வளவுதான். இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன்.

ஐப்பசியில் முதல் மழை. ஆடுகளைக் கொட்டகைக்குள் ஓட்டுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டன. உள்ளே வந்ததும் செவலை நின்று, காலை அகட்டி, உடம்பைச் சிலுப்பினாள். என் முகமெல்லாம் தண்ணீர். அவளைத் தொடர்ந்து அடுத்தது, அதற்கு அடுத்தது, இருபத்தேழும் வரிசையாகச் சிலுப்பின. எல்லாம் ஊசி போட்ட ஆடுகள். போன வருஷ மழைக்கும் இப்படித்தான் சிலுப்பியிருக்கும், நானும் பார்த்திருப்பேன். மழைக்கு உதறுவது உதறல், கோயிலில் உதறுவது உத்தரவு. இரண்டும் ஒன்று என்று பிறந்ததிலிருந்து எனக்குத் தோன்றியதே இல்லை.

குடையைக்கூட எடுக்காமல் பெனிட்டாவைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், சாமி கிடா என்பதையும் சொன்னேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சிலுப்புறது தோலோட வேலைக்கா. ஈரம் பட்டா நடக்கும். பயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த ஊசி அதைத் தொடவே தொடாது.”

“அப்ப அன்னைக்கு ஆறு கொடம் ஊத்தியும் அது ஏன் நின்னுச்சு?”

வெயிலுக்குத் தண்ணீர் சுகமாக இருந்திருக்கலாம், வேப்பிலை தின்கிற கவனத்தில் இருந்திருக்கலாம் என்று நாலைந்து ‘இருக்கலாம்’ சொன்னாள். கடைசியில் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். படித்த பிள்ளையே தெரியாது என்கிறாள். ஊசி இல்லை என்றால் வேறு எது நிறுத்தியது? ஒருவேளை மாடசாமி நிஜமாகவே நின்றாரா? நின்றார் என்றால் யாருக்காக நின்றார்? ஐகோர்ட்துரைக்காகவா, எனக்காகவா?

கண்ட மாதிரி யோசித்துக்கொண்டு கிடப்பதைவிட அவனிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலை ஒன்றில் வடிகட்டி கழுவுகிற வேலை பார்க்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தான். இளைத்திருந்தான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். பிறகு, எந்தக் காலை முதலில் ஊன்றி நடக்கிறாள் என்று கேட்டான். இப்படிக் கேட்கிறவனிடம் நான் என்னத்தைச் சொல்ல? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. காதில் தண்ணீர் விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

“பாத்தேன் மதினி. முட்டி போட்டு ஒங்க பக்கத்துலதான இருந்தேன்.”

“பாத்துட்டா சும்மா இருந்த?”

“நீங்க ஊசி போட்டதும் எனக்குத் தெரியும். கேட்ல இருபத்தெட்டுன்னு காட்டுச்சு. நம்மகிட்ட பெட்டை இருபத்தேழு. உள்ள போயிப் பாத்தேன், சாமி கிடா நிக்கி. ஒங்களுக்கு என்ன அவசரமோன்னு விட்டுட்டேன்.”

அவன் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, ஏதோ கேட் கணக்குச் சொல்வது மாதிரி மேலே சொன்னான்.

“அன்னைக்கு ஆறு கொடம் ஆச்சு. எல்லாரும் ஒங்க மொகத்தப் பாக்க ஆரம்பிச்சுட்டாக. பெருசா ஒண்ணு சொன்னாத்தான் சங்கிலி மாமா விடுவாருன்னு தோணுச்சு. எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல. அதான் அப்படிச் சொன்னேன்.”

“அப்ப நீ குடிக்கலையா?”

“ஒரு சொட்டுக் குடிக்கல. சார்ஜ் நெசமாவே இல்ல மதினி.” கையைத் துடைத்துக்கொண்டான். “ஊசி போட்ட கிடா எப்படியும் சிலுப்பாதுன்னு நெனச்சேன். நான் சொன்னதுக்கும் சிலுப்பாமப் போச்சுன்னா, இவன் சொன்னதும் காரணம் இல்ல, சாமி இன்னைக்கு உத்தரவு குடுக்கலன்னு எல்லாரையும் விட்டுருவாக, கிடாவையும் ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துரலாம்னு இருந்தேன். நீங்க காதுல தண்ணி விடுவீகன்னு நான் நெனைக்கல.”

சாமி ஏற்காமல் தள்ளிவிடும் என்று நம்பித்தான் அவன் அந்தப் பொய்யைச் சொன்னான். அதை உண்மையாக்கினவள் நான். ஊசிக்கும் சிலுப்பலுக்கும் சம்பந்தமே இல்லை என்று பெனிட்டா சொன்னதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் பொய்க்கு ஒரு அவசியமும் இருந்திருக்காது என்று ஆகிவிடும். அந்தச் சோற்றை அவன் நிம்மதியாகத் தின்னட்டும் என்று இருந்தது.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்காரரை உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். ஊசி, முந்தானை, குடித்ததாக அவன் சொன்ன பொய், எல்லாம். கத்துவார், அடிக்கக்கூடக் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். தம்பி மேல் உள்ள பாசத்தில் உன் தலையில் போட்டுக்கொள்கிறாய், சாமி சொன்னதற்கு மேல் நீ எதற்குப் பேசுகிறாய் என்றார். பெனிட்டாவைப் போனில் பேச வைத்தேன். ஊசி போட்டதை நம்பினார். மற்றதை நம்பவில்லை, இசக்கியும் நம்பவில்லை.

விடுவேனா நான். மறுநாள் காலை செவலையை இழுத்துக்கொண்டு கோயில் வாசலுக்கே போனேன். சங்கிலி மாமாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். செம்புத் தண்ணீரைக் காதில் விட்டேன். செவலை உடனே சிலுப்பினாள், அங்கே நின்ற அத்தனை பேர் வேட்டியும் நனைந்தது. இப்படித்தான் நான் அன்றைக்குச் செய்தேன், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, சாமி ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சங்கிலி மாமா கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“ஆடுன்னா தண்ணிக்குச் சிலுப்பத்தான் செய்யும், அது எங்களுக்குத் தெரியாதாம்மா? ஏழாவது கொடத்துக்கு ஏன் சிலுப்புச்சுன்னு நாங்க கேக்கல. ஆறு கொடத்துக்கும் ஏன் சிலுப்பாம நின்னுச்சு? அத நீ சொல்லு, இன்னைக்கே ஓந் தம்பியக் கூட்டிட்டு வாரோம்.”

வாயைத் திறந்தேன். ஊசி என்று சொன்னால் அது பொய், அந்தப் பொய்யை மழை பெய்த அன்றே செவலை என் கண் முன்னால் உடைத்துவிட்டாள். தெரியாது என்று சொன்னால் சாமி என்று ஆகிவிடும். எல்லோரும் காத்திருந்தார்கள். செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது கார்த்திகை. இருபத்தாறு பெட்டையும் ஈன ஆரம்பித்துவிட்டன. குட்டிகள் எல்லாம் அந்தக் கிடாவின் நெஞ்சு, அந்தக் கிடாவின் பொட்டு. சீம்பால் குடிக்க வைத்து, தொப்புளுக்கு மருந்து தடவி, எனக்கு இடுப்பு ஒடிகிறது. ஐகோர்ட்துரை வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறான். இன்றைக்கும் பண்ணினான். எத்தனை குட்டி, எத்தனை பெட்டை என்று கேட்டுவிட்டு, பிள்ளையிடம் கொடுங்கள் மதினி என்றான். இசக்கி எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். இன்னொரு முறை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். சரி மதினி, வந்தால் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டான். இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.